சினைப்பையில் நீர்க்கட்டி: உடனே அறுவை சிகிச்சையா, காத்திருக்கலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு வயது 26. திருமணமாகி ஓராண்டு ஆகிறது. வலப்பக்க அடிவயிற்றில் வலி என்று பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தபோது, வலது சினைப்பையில் 4.8 செ.மீ. அளவில் 'ஹெமரேஜிக் சிஸ்ட்' இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்த மருத்துவர் வலி மாத்திரை மட்டும் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும், உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மாமியார் வீட்டில் வற்புறுத்துகிறார்கள். இதற்கிடையே, 57 வயதான தாயாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் 3 செ.மீ. நீர்க்கட்டி தற்செயலாகத் தெரிந்திருக்கிறது. அவருக்கு மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இது புற்றுநோயாக இருக்குமா, தங்கைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா, இருவரில் யாருக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கையைப் பார்த்த மருத்துவர் செய்தது சரியான வைத்தியம். தங்கையின் 4.8 செ.மீ. கட்டியைவிடத் தாயாரின் 3 செ.மீ. கட்டிக்குத்தான் கூடுதல் பரிசோதனை தேவைப்படுகிறது. ஆனால் அதற்கும் இப்போதைக்குக் கத்தி தேவைப்படாது என்றே தோன்றுகிறது. சினைப்பைக் கட்டியைப் பொறுத்தவரை அளவு என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயங்களுள் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் வந்துகொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா, கட்டியின் உள்ளே வெறும் நீர் இருக்கிறதா வேறு ஏதேனும் இருக்கிறதா, வலி எப்படிப்பட்டது என்னும் மூன்றும் தெரிந்த பிறகே அளவுக்குப் பொருள் உண்டு.

சினைப்பை ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள சிறிய உறுப்பு. மாதவிடாய் வரும் வயதில் மாதந்தோறும் அதில் ஒரு கருமுட்டை, தன்னைச் சுற்றி நீர் கோத்த ஒரு சிறு பைக்குள் இருந்து வளர்கிறது. அந்தப் பை 2 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் வளர்ந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமலேயே பெரிதாகிக்கொண்டு போவதுண்டு. அப்போது உண்டாவது சாதாரண நீர்க்கட்டி. வேறு சில மாதங்களில், முட்டை வெளியேறிய இடத்தில் மிஞ்சும் திசு மூடிக்கொண்டு, அதற்குள் மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று கசிந்துவிடும். தங்கைக்கு வந்திருக்கும் ஹெமரேஜிக் சிஸ்ட் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டுமே நோயால் வந்தவை அல்ல, சினைப்பை தன் வேலையைச் செய்யும்போது நேர்ந்தவை. ஆகவேதான் மாதவிடாய் நிற்காத பெண்களிடம் 3 செ.மீ.க்குக் குறைந்த நீர்ப்பையைக் கட்டி என்றே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்கேனில் 2.2 செ.மீ. என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் உறங்காமல் வரும் பெண்களுள் பலர், மாதாமாதம் முட்டை முறையாக வளர்கிறது என்ற நல்ல செய்தியைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்கேன் அறிக்கையைக் கையில் எடுத்தால் கண் நேராக அளவுக்குத்தான் போகிறது. அதற்கு அடுத்த வரியில் இருப்பவையே முக்கியமானவை. உட்புறம் கறுப்பாக, தெளிவாக, ஒரே அறையாக, மெல்லிய சுவருடன் இருக்கிறது என்று எழுதியிருந்தால் அது வெறும் நீர். உள்ளே வலைப்பின்னல் போன்ற கோடுகள் இருக்கின்றன, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்தக் கோடுகளுக்குள் ஓட்டம் இல்லை என்றிருந்தால் அது உறைந்துகொண்டிருக்கும் பழைய இரத்தம். பல அறைகள், தடித்த தடுப்புகள், சுவரிலிருந்து உள்நோக்கி முளைத்த சதை, அந்தச் சதைக்குள் இரத்த ஓட்டம், இரு சினைப்பைகளிலும் கட்டி, வயிற்றில் நீர் கோத்திருத்தல் ஆகியவற்றுள் எதையேனும் எழுதியிருந்தால், 3 செ.மீ. கட்டியாக இருந்தாலும் அதைச் சிறியது என்று ஒதுக்கக் கூடாது. தங்கையின் அறிக்கையில் இந்த வரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் மருத்துவரிடமே கேளுங்கள். மாதவிடாய் வரும் வயதில், தொல்லை தரும் சினைப்பைக் கட்டிகளில் புற்றாக இருக்கக்கூடியவை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்றும், 50 வயதை நெருங்கும்போது ஆயிரத்தில் மூன்று என்றும் பிரிட்டன் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் கணக்கிடுகிறது.

அதே வழிகாட்டுதல், மாதவிடாய் வரும் பெண்களின் 5 செ.மீ.க்குக் குறைவான சாதாரண நீர்க்கட்டிக்கு மறு ஸ்கேன்கூடக் கட்டாயமில்லை என்கிறது. பெரும்பாலானவை மூன்று மாதவிடாய்ச் சுற்றுக்குள் தாமாகவே வற்றிவிடும். 5 முதல் 7 செ.மீ. வரை இருப்பவற்றை ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். அதற்கும் பெரியவற்றை ஸ்கேனில் முழுதாகப் பார்ப்பது கடினம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதா, அகற்றுவதா என்று யோசிக்க வேண்டும். தங்கையின் கட்டி 5 செ.மீ.க்கு உள்ளேதான் இருக்கிறது; இருந்தும் மருத்துவர் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னதற்கு நல்ல காரணம் உண்டு. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் 'சாக்லேட் சிஸ்ட்', ஸ்கேனில் சில சமயம் ஹெமரேஜிக் சிஸ்ட் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி காலம்தான். ஹெமரேஜிக் சிஸ்ட் இரண்டு மாதத்தில் சுருங்கும் அல்லது மறைந்துவிடும். சாக்லேட் சிஸ்ட் அப்படியே இருக்கும். மறு ஸ்கேனை மாதவிடாய் முடிந்த ஓரிரு நாளில் எடுப்பது நல்லது. சுற்றின் பின்பாதியில் எடுத்தால் அந்த மாதத்துப் புதிய நீர்ப்பை தெரிந்து, பழைய கட்டி போகவில்லை என்ற வீண் கலக்கத்தை உண்டாக்கும்.

காத்திருக்கும் நாட்களில் இரண்டு விஷயங்கள் வீடு தேடி வரும். ஒன்று, கட்டி கரைவதற்கென்று கொடுக்கப்படும் கருத்தடை ஹார்மோன் மாத்திரை. ஏற்கெனவே உண்டான சாதாரண நீர்க்கட்டியை அந்த மாத்திரை விரைவாகக் கரைப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். முட்டை வெளிவருவதையே நிறுத்துவதால் புதிய கட்டி வருவதை அது குறைக்கும், அவ்வளவுதான். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயனும் வேண்டாதது. மற்றொன்று, கழற்சிக்காய்ச் சூரணமும் மலைவேம்புச் சாறும். அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டையின் சுற்றுவட்டாரத்தில் சித்த மருத்துவத்தின் மீதுள்ள மதிப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் தாமாக மறையக்கூடிய கட்டிக்கு எதைக் குடித்தாலும், மறைந்த பிறகு அந்தப் பெயர் குடித்த மருந்துக்குத்தான் போய்ச் சேரும். அதை நம்பி, தாமாக மறையாத கட்டி இருக்கும் பெண்ணும் மாதக்கணக்கில் அதையே குடித்துக்கொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் என்னை வருத்தும் விஷயம். குடிப்பதானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள். மறு ஸ்கேன் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அதைத் தங்கையும் அவருடைய கணவரும் மாமியாரும் அறிந்திருக்க வேண்டும். சினைப்பை அடிவயிற்றில் ஒரு காம்பைப் பற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டியால் பாரம் கூடும்போது, முக்கியமாக 5 செ.மீ.க்கு மேல் போகும்போது, அது அந்தக் காம்போடு முறுக்கிக்கொள்ளக்கூடும். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் இது அதிகம் நேர்கிறது. குனிந்து நிமிர்ந்த நேரத்தில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய நேரத்தில், சில சமயம் ஒன்றுமே செய்யாமல் படுத்திருக்கும்போதும், திடீரென்று ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்து இழுப்பது போல வலி வரும். கூடவே குமட்டலும் வாந்தியும் வரும். வலி விட்டு விட்டு வருவதால் வாயுக் கோளாறு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து விடியும்வரை வைத்திருந்துவிடுவார்கள். அந்த இரவில்தான் சினைப்பைக்குப் போகும் இரத்தம் நின்றுபோகிறது. டாப்ளரில் இரத்த ஓட்டம் தெரிகிறது என்பதாலேயே முறுக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது; சினைப்பைக்கு இரு வழிகளில் இரத்தம் வருவதால், முறுக்கிய பிறகும் ஓட்டம் தெரியலாம். இத்தகைய வலி வந்தால் அந்த நேரத்திலேயே அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நம் பக்கத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு பகல் எந்நேரமும் பார்ப்பார்கள். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பார்க்கும்போது முறுக்கிய சினைப்பை நாவல் பழ நிறத்தில் கன்றிப்போய் இருக்கும். முன்பெல்லாம் அந்த நிறத்தைப் பார்த்ததும் செத்துவிட்டது என்று அகற்றிவிடுவார்கள். முறுக்கலை மட்டும் அவிழ்த்து உள்ளேயே விட்டுவிட்டால், கறுத்துத் தெரியும் சினைப்பையும் பெரும்பாலும் மீண்டு வந்து முட்டை விடுகிறது என்பது இன்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இளம்பெண்ணாக இருந்தால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவதும் உண்டு. பெரும்பாலும் வலி மாத்திரையுடன் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மயக்கம், வியர்வை, படபடப்பு, தோள்பட்டை வலி ஆகியவை சேர்ந்து வந்தால் உள்ளே இரத்தப்போக்கு அதிகம் என்று பொருள். மணமான பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு உயிருக்கே ஆபத்தானது. தங்கைக்கு இந்தச் சோதனையைச் செய்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மணமாகாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்கள் மருத்துவரிடம் போனதை யாராவது பார்த்துவிட்டால் வரன் தட்டிப்போகும் என்று பயந்து, மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்துவிடலாம். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழிப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. அந்த வயதில் வரும் கட்டிகளுள் டெர்மாய்டு அதிகம். கருமுட்டைச் செல்லிலிருந்தே பிறப்பதால், அதன் உள்ளே எண்ணெய்ப் பசையான கொழுப்பும் முடியும், சில சமயம் பல்லும்கூட இருக்கும். இதைக் கேட்டு மனத்தில் எதையும் வளர்த்துக்கொள்ள வேண்டாம். அது திசு வளர்ச்சியின் ஒரு கோளாறு மட்டுமே, புற்றாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆனால் தாமாகக் கரையாது, முறுக்கிக்கொள்ளும் இயல்பும் அதிகம். ஆகையால் ஓரளவு வளர்ந்த டெர்மாய்டை எடுத்துவிடுவதே வழக்கம்.

பி.சி.ஓ.டி. என்பது முற்றிலும் வேறு விஷயம். அதில் காண்பவை கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மி.மீ. அளவில், முழுதாக வளராமல் நின்றுபோன ஏராளமான முட்டைப் பைகள். அதற்கு வைத்தியம் உடல் எடை, இன்சுலின், மாதவிடாய் ஒழுங்கு ஆகியவற்றைச் சார்ந்தது. அந்தச் சிறு பைகளை எடுக்க யாரும் அறுவை சிகிச்சை செய்வதில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு நீர்க்கட்டி என்று மாத்திரை கொடுத்துச் சரியாயிற்று என்று யாரேனும் சொன்னால், அவருக்கு இருந்தது இதுவா அதுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையே தேவைப்பட்டாலும், இளம்பெண்ணுக்குக் கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையை விட்டுவிடுவதே முறை. நுங்கின் தோலை நீர் சிந்தாமல் உரிப்பது போன்ற நிதானமான வேலை அது. அவசரப்பட்டால் கட்டியின் சுவரோடு முட்டைகள் நிறைந்த நல்ல திசுவும் வந்துவிடும். சாக்லேட் சிஸ்ட்டில் சுவர் ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்த இழப்பு கூடுதல். குழந்தை வேண்டுவோர் முதலில் ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பைத் தெரிந்துகொண்டு, பிறகே அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சுவர் உள்ளேயே இருப்பதால் நீர் மீண்டும் ஊறிவிடும். அதுவே புற்றாக இருந்தால் உறிஞ்சும்போது சிந்திப் பரவவும் கூடும். ஒரு சினைப்பையை இழக்க நேர்ந்தாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் கருத்தரிக்கலாம். சினைப்பைக் கட்டிக்காக இளம்பெண்ணின் கருப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். கருப்பையை எடுத்துவிட்டால் கட்டி வராது என்ற நினைப்பும் தவறு. சினைப்பை உள்ளே இருக்கும்வரை அதில் கட்டி வரலாம். தேவையின்றி இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ, 50 வயதுக்கு முன்பே எலும்புத் தேய்மானமும் இதயநோய் அபாயமும் தேடி வந்துவிடும்.

இனித் தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பையில் முட்டை வளர்வதில்லை; ஆகவே அங்கே ஏன் நீர் கோத்தது என்ற கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். பித்தப்பைக்காக எடுத்த ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சினைப்பையை மட்டும் நிதானமாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் ஒன்றும், சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இவற்றைக் கொண்டு மருத்துவர் ஓர் அபாய எண்ணைக் கணக்கிடுவார். பல அறைகள், சதைப் பகுதி, இருபுறக் கட்டி, வயிற்று நீர், வேறிடப் பரவல் என்ற ஐந்தில் எதுவும் ஸ்கேனில் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றவர் என்பதற்காக அதை 3-ஆல் பெருக்கி, பிறகு சி.ஏ. 125 அளவால் பெருக்க வேண்டும். இரண்டு அறிகுறிகளுடன் சி.ஏ. 125 அளவு 40 என்றால், 3 × 3 × 40 = 360; 200-க்கு மேல் வந்தால் புற்றுநோய் அறுவை வல்லுநர் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தாயாருடையது தெளிந்த நீருள்ள ஒற்றை அறைக் கட்டியாக இருந்தால் எண் 0 என்றே வரும். அத்தகைய 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவை மூன்று மாதத்தில் மறைந்தும் விடுகின்றன. சி.ஏ. 125 அளவு 35-க்குள் இருந்தால், நான்கு முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து, ஓராண்டு வரை மாற்றம் இல்லையென்றால் அதோடு விட்டுவிடலாம்.

சி.ஏ. 125 கூடிவிட்டாலே புற்று என்று பதறவும் வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை நார்க்கட்டி, கல்லீரல் நோய், கர்ப்பம், மாதவிடாய் நாட்கள் என்று பல காரணங்களால் அது கூடும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் அதை நூற்றுக்கணக்கில் ஏற்றிவிடும். காசநோயால் வயிற்றில் நீர் கோத்து, ஸ்கேனில் சினைப்பைப் புற்று போலவே தோன்றுவதும் உண்டு. அது மாத்திரையால் குணமாகக்கூடிய நோய். ஆகையால் திசுப் பரிசோதனை இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மாறாக, 26 வயதான தங்கைக்குச் சாதாரணக் கட்டி என்று தெரிந்த பிறகு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. செய்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

தாயாரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அண்மைக் காலமாக வயிறு உப்புகிறதா, இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா, அடிவயிறு வலிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறாரா என்று கேளுங்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு இவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் வந்தால், சினைப்பையைப் பரிசோதிக்க வேண்டும். முக்கூடல், கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் தாய்மார்கள் இத்தனையையும், தட்டை மடியில் வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதால் வந்தது என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். பாட்டி, தாய், சித்தி வழியில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்ததா என்பதையும் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு விவரம் தாயாருக்கும் உங்கள் இருவருக்கும் வைத்தியத்தின் போக்கையே மாற்றக்கூடும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கட்டி மறையாமல் லேப்ராஸ்கோப்பி வரை போக நேர்ந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருக்குமானால், அது இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளைப் படங்களோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மறு ஸ்கேனை இயன்றவரை முன்பு எடுத்த இடத்திலேயே எடுப்பது, இரண்டையும் ஒப்பிட உதவும்.

தங்கை இந்த இரண்டு மாதத்துக்குள் கருத்தரித்துவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. நாள் தள்ளிப்போனதும் ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளட்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தெரியும் சாதாரணக் கட்டிகள் பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குள் மறைந்துவிடுகின்றன. மறையாமல் வளர்ந்து எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தாலும், நான்காம், ஐந்தாம் மாதத்தில் அதைப் பத்திரமாக எடுக்க முடியும்.